விலை பேசி முடித்த பிறகு வாக்கு மாறும் நாணயக்காரர்கள்: திருகோணமலைச் சேகரிப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் பழைய நாணயம் சேர்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். இங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள் கதைத்து, வீட்டு விறாந்தையில் இருந்து விலை பேசி, நேரில் கைமாற்றுவதுதான் வழக்கம். எல்லாமே வாய்ச்சொல்லில் ஓடுகிறது. அண்மைக் காலமாக அந்த வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. விற்பவர்களும் பின்வாங்குகிறார்கள், வாங்குபவர்களும் பின்வாங்குகிறார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். ஆளின் பெயரை எழுதப் போவதில்லை. காசின் அடையாளத்தை எழுதுகிறேன், அது போதும்.

உப்புவெளிப் பக்கம் ஒரு பெரியவர். காலஞ்சென்ற தகப்பனார் சேர்த்து வைத்த தகரப்பெட்டி ஒன்று அவரிடம் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டிக்குள் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கும் சாமான்தான்: பனை மரம் போட்ட 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதங்கள், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து வெள்ளி ஐம்பது சதம், சதுர ஐந்து சதங்கள் ஒரு பிடி. அதற்கடியில் ஒரு பழைய பஞ்சாங்கத் தாளில் சுற்றி, 1821ஆம் ஆண்டு வெள்ளி ரிக்ஸ்டொலர் ஒன்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் இருந்து வந்த ரிக்ஸ்டொலர் கணக்கைத்தான் ஆங்கிலேயரும் இங்கே கொஞ்சக் காலம் வைத்திருந்தார்கள். 1825இல் அதை விட்டுவிட்டு இங்கிலாந்தின் பவுண், சிலின் கணக்குக்கு மாறினார்கள். நாங்கள் இப்போது பாவிக்கும் ரூபாய் சதக் கணக்கு 1872இல் வந்தது. அந்த 1821 வெள்ளிக் காசில் ஒரு பக்கம் நான்காம் ஜோர்ஜின் தலை, மறுபக்கம் யானை. நான் பார்த்த காசில் யானையின் முதுகுக்கு மேலே வெறும் இடத்தில், நகத்தால் கீறியது போல ஒரு சாய்ந்த கீறல். அரசரின் காதுக்குப் பக்கத்தில் ஓரத்தில் சின்ன அடி ஒன்று. இரண்டையும் விட்டுப் பார்த்தால் நல்ல காசு. இருநூறு வருசம் காற்றுப் பட்டு வெள்ளி கறுத்து, ஓரங்களில் நீலமும் ஊதாவுமாய் நிறம் ஏறியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது யானையின் காது மடிப்பு வரைக்கும் தெரிந்தது. அந்தக் கறுப்பைத்தான் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். காசில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அவர் ஐம்பதாயிரம் கேட்டார். நான் முப்பத்தெட்டு சொன்னேன். கடைசியில் நாற்பத்துமூவாயிரத்தில் முடிந்தது. மடியில் இருந்த ஐயாயிரத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “காசை வையுங்கோ தம்பி. நான் வாக்குத் தந்தா தந்ததுதான். சம்பளம் எடுத்துக்கொண்டு வாங்கோ, அது உங்களுக்குத்தான்” என்றார். அவருடைய மனைவியும், என்னைக் கூட்டிப்போனவரும் பக்கத்தில்தான் இருந்தார்கள். எழுதி வைப்போமா என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வயதில் மூத்தவர், வீட்டுக்குள் இருத்தி தேத்தண்ணி தந்தவர், அவரிடம் அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவது?

அந்த ரிக்ஸ்டொலரை நம்பி, அந்த வாரமே கண்டியில் ஒருவர் தருவதாகச் சொன்ன வேறொரு வெள்ளிக் காசை வேண்டாம் என்றேன். வாங்குபவனுடைய நட்டம் இங்கேதான் தொடங்குகிறது. கையில் இருந்து காசு போகவில்லையே, பிறகு என்ன நட்டம் என்று கேட்பார்கள். ஒன்றுக்காக ஒதுக்கிய பணத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். விட்டது திரும்பி வராது.

சம்பளம் எடுத்த அன்று அழைப்பு எடுத்தேன். பதில் இல்லை. பின்னேரம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. “தம்பி, குறை நினைக்காதேங்கோ. கொழும்பில ஒருத்தர் கூடத் தாறன் எண்டுறார். பிள்ளையள் விடுகினம் இல்லை.” எவ்வளவு என்று கேட்டேன், சொல்லவில்லை. நேரில் வரட்டுமா என்று கேட்டேன், நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை.

கொழும்பில் அந்தக் காசைக் கேட்ட சேகரிப்பாளர் எனக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். படம் என் கைக்கும் வந்தது. யானையின் முதுகுக்கு மேலே அதே கீறல். அவரோடு கதைத்தபோதுதான் தெரிந்தது, இந்தக் காசுக்கு ஏற்கனவே ஒருவர் விலை பேசி முடித்திருக்கிறார் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தான் கேட்டிருக்கவே மாட்டேன் என்றார். அதை நான் நம்புகிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. நல்ல விலைக்குப் போகப் போகிறது, பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டும் என்று வீட்டில் யாரோ காசை மினுக்கிவிட்டார்கள். சாமி விளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் செய்வது போல, திருநீறு போட்டுத் துணியால் தேய்த்திருக்கிறார்கள். கொழும்புக்காரர் காசைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, படத்தில் இருந்த காசு இது இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்ததை நான் பிழை சொல்ல மாட்டேன். ஒத்துக்கொண்ட பொருள் ஒத்துக்கொண்ட நிலையில் வரவில்லை என்றால் வாங்குபவர் விலகுவது நியாயம்.

அப்புறம் பெரியவர் எனக்கு அழைத்தார். “தம்பி, நீங்கள் சொன்ன விலைக்கே தாறன், வாங்கோ.” போய்ப் பார்த்தேன். கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை. புதுச் சில்வர் கரண்டி மாதிரி வெள்ளையாக மினுங்கியது. உருப்பெருக்கியால் பார்த்தால் அரசரின் கன்னத்தில் வட்டம் வட்டமாக மயிரிழைக் கீறல்கள். காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளியின் மேல் படிகிற அந்தக் கருமைதான் காசின் தோல். அதைத் தேய்த்து எடுத்தால் கூடவே வெள்ளியும் கொஞ்சம் போகும். திரும்ப வராது. இருநூறு வருசமாக யாரும் தொடாமல் காப்பாற்றிய ஒன்று ஒரு வாரத்துப் பேராசையில் அழிந்தது. நான் வாங்கவில்லை.

இப்போது அந்தக் காசை ‘பாவிக்காத புதுக் காசு’ என்று சொல்லிப் பலருக்கும் படம் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். யானையின் முதுகுக்கு மேலே சாய்ந்த கீறல், காதுக்கு நேரே ஓரத்தில் அடி, கண்ணைக் கூசும் வெண்மை. இந்த மூன்றும் இருந்தால் அது இதுதான்.

வாங்குபவர்கள் பக்கமும் குறைவில்லை. புத்த ஜயந்திக்காக 1957இல் வந்த வெள்ளி ஐந்து ரூபாய் என்னிடம் மேலதிகமாக ஒன்று இருந்தது. நடுவில் 2500 என்ற இலக்கம், சுற்றிவர மிருகங்களும் அன்னங்களும். இருபத்தெட்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடிய நிறை, அதில் தொண்ணூற்றிரண்டரை வீதம் வெள்ளி. மட்டக்களப்பில் இருந்து ஒருவர் விலை ஒத்துக்கொண்டு, “ஒருத்தருக்கும் குடுத்துப் போடாதேங்கோ அண்ணை” என்று கெஞ்சிக் கேட்டு வைத்தார். கேட்டு வந்த வேறு இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கிழமை வெள்ளி விலை இறங்கியது. பஸ் நிலையத்தில் சந்திக்கிறேன் என்று வந்தவர், காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசிய விலையில் கால்வாசியைக் குறைத்துக் கேட்டார். இல்லை என்றதும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வெள்ளிக் காசில் இது அடிக்கடி நடக்கும். வெள்ளி விலை ஏறினால் விற்பவர் பின்வாங்குவார், இறங்கினால் வாங்குபவர் பின்வாங்குவார். பேசிய நாளுக்கும் கைமாறும் நாளுக்கும் இடைவெளி கூடக் கூட ஆபத்தும் கூடும். வெள்ளிக் காசு பேசினால் அன்றைக்கே முடியுங்கள். இல்லாவிட்டால் பேசாதீர்கள்.

இன்னொரு விதமான ஆட்கள் இருக்கிறார்கள், இவர்களையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தக் கொம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இலங்கையில் அடித்த செப்புக் காசுகளில், கொம்பனியின் VOC என்ற கூட்டெழுத்துக்கு மேலே ஊர்ப்பெயரின் முதலெழுத்து ரோமன் எழுத்தில் இருக்கும். கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, யாழ்ப்பாணத்துக்கு ஐ, எங்கள் ஊருக்கு ரி. அந்த ரி போட்ட காசு என்றால் இந்த ஊர்க்காரனுக்குத் தனி ஆசை இருக்கத்தானே செய்யும். ஓர் இளைஞர் படம் அனுப்பினார். இது என்ன, எந்த எழுத்து, என்ன நிலை, என்ன பெறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், எல்லாம் சொன்னேன். விலையும் பேசி முடித்தோம். நான் எழுதி அனுப்பிய விளக்கத்தை அப்படியே, எழுத்துப் பிழையோடு சேர்த்து, தன் விளம்பரத்தில் போட்டு இரண்டு மடங்கு விலைக்கு வைத்திருக்கிறார். அறிவைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விற்கிறேன் என்று சொல்லி வாங்கினாரே, அதுதான் வருத்தம்.

பழைய காசு பேசும்போது இதையும் மனதில் வையுங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள். நிலத்தில் கிடந்து கண்டெடுத்தது அரசுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஒல்லாந்தக் காசோ, யாழ்ப்பாண அரசர்கள் ‘சேது’ என்று பொறித்து அடித்த காசோ, இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசோ, “வளவு கொத்தேக்க கிடைச்சது” என்று யாராவது சொன்னால் விலை பேசாமல் விலகிவிடுங்கள். பின்னால் பிரச்சினை வந்தால் வாக்கு மாறுவது மட்டும் இல்லை, உங்களையே காட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள்.

எல்லாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. கிண்ணியாவில் ஒரு நானா இருக்கிறார். ஒருமுறை எனக்கு ஒரு காசை விலை பேசி முடித்த பிறகு, வேறொருவர் அதற்கு இரண்டு மடங்கு தருவதாக என் கண் முன்னாலேயே தொலைபேசியில் கேட்டார். நானா “அது குடுத்தாச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் இன்னும் பணம் கொடுத்திருக்கவில்லை. இன்றைக்கும் என்னிடம் என்ன மேலதிகமாக இருந்தாலும் முதலில் அவரிடம்தான் கேட்பேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியையாவது கொடுத்திருக்க வேண்டும், அல்லது வழக்குக்கு உட்படுபவர் கைச்சாத்திட்ட எழுத்து ஒன்று இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் வாய்ப்பேச்சை வைத்து வழக்குத் தொடுத்து நிறைவேற்ற முடியாது. விறாந்தையில் எத்தனை பேர் சாட்சியாக இருந்தாலும் அதுதான் நிலை. உப்புவெளிப் பெரியவர் அந்த ஐயாயிரத்தை வாங்கியிருந்தால் என் நிலை வேறு. முற்பணம் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, தனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறார்.

ஆகவே முற்பணத்தை வற்புறுத்துங்கள். ஆனால் காசைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு சதமும் போடாதீர்கள். படத்தைக் காட்டி முற்பணம் வாங்கிக்கொண்டு தொலைபேசியை நிற்பாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தூரத்தில் இருப்பவர் என்றால், காசுக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய திகதியும் எழுதிய துண்டு ஒன்றை வைத்து இரண்டு பக்கமும் படம் கேளுங்கள். கொப்பித் தாளில் நாலு வரி போதும்: எந்தக் காசு, என்ன அடையாளம், என்ன விலை, எவ்வளவு முற்பணம், எத்தனையாம் திகதிக்குள் மிச்சம், அதுவரைக்கும் காசைக் கழுவவோ மினுக்கவோ கூடாது. இரண்டு பேரும் கைச்சாத்து வைத்து ஆளுக்கொரு பிரதி. வங்கியில் போட்டால் பற்றுச்சீட்டில் காசின் பெயரைக் குறிப்பிடுங்கள். முற்பணம் வாங்கியவர் பிறகு மாறினால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. அந்தத் தாளையும் பற்றுச்சீட்டையும் கொண்டுபோங்கள்.

அந்த 1957 ஐந்து ரூபாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தேய்க்கவில்லை, கழுவவில்லை. வேண்டியவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். விலை ஒத்துவந்தால் பத்தில் ஒரு பங்கு முற்பணமும் கைச்சாத்தும். நான் பின்வாங்கினால் முற்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தருவேன் என்றும் அதே தாளில் எழுதித் தருகிறேன்.