நாலு விரல் ப்ளே

தாண்டிக்குடிப் பக்கம் வாழையும் மிளகும் போட்டிருக்கிற எங்களுக்கு ஜீப் இல்லாமல் ஆகாது. தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் கல்லுப் பாதை. மழை பெய்துவிட்டால் நாலு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும். 2015-இல் ஒரு 1996 மாடல் டீசல் ஜீப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டாக ஆக்சில், லீஃப் ஸ்பிரிங் பட்டை, பவர் ஸ்டியரிங் கிடையாது. 1940-களில் பட்டாளத்துக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பின் எலும்புதான் இதற்கும்.

வாங்கும்போதே ஸ்டியரிங்கில் இரண்டு விரல் ப்ளே இருந்தது, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் வீல் மட்டும் அவ்வளவு தூரம் சும்மா ஆடும். “ஜீப்புன்னா அப்படித்தான் இருக்கும்” என்றார் விற்றவர். நானும் நம்பினேன். மூன்று வருஷத்தில் அது நாலு விரல் ஆனது. மலையில் இருபதில் உருட்டுகிறவரை ஒன்றும் தெரியாது. வத்தலக்குண்டுக்கு இறங்கி திண்டுக்கல் ரோட்டில் ஐம்பதைத் தொட்டால்தான் வேடிக்கை. வண்டி தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் ஒதுங்கும், நான் வலது பக்கம் இழுப்பேன், அது உடனே கேட்காது, கேட்கும்போது ரொம்பவே கேட்கும். ஒரு நாள் பாலத்து ஜாயிண்டில் ஏறி இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் படபடவென்று உதற ஆரம்பித்தன. கால் பங்கு வேகத்துக்கு வந்த பிறகுதான் உதறல் அடங்கியது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதலில் செய்தது தப்பு. ஸ்டியரிங் வீல் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பல் பெட்டிதான் ஸ்டியரிங் பாக்ஸ். அதன் மேல் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூ இருக்கும், லாக் நட்டோடு. முதலில் போன பட்டறையில் அதை முக்கால் சுற்று இறுக்கி, ஐந்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். ப்ளே பாதி குறைந்தது, எனக்கும் சந்தோஷம். மறுநாள் கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் வீல் தானாக நேருக்குத் திரும்பவில்லை, நான்தான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. பாக்ஸுக்குள் இருக்கிற பல் நடு இடத்தில்தான் நெருக்கமாகக் கடிக்கும், திருப்பத் திருப்பக் கொஞ்சம் தளரும். அந்த நடு இடத்தில் கூடுதலாக இறுக்கினால் பிடித்துக்கொள்ளும், பல்லும் சீக்கிரம் தேயும். ஸ்குரூவைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன்.

அடுத்துப் போனது வத்தலக்குண்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. சக்கரம் தரையில் இருக்க, இன்ஜினை அணைத்துவிட்டு, “தம்பி, வீல இப்படியும் அப்படியும் லேசா ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்தாத” என்று சொல்லி அடியில் படுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஜாயிண்டிலும் கையை வைத்துப் பார்த்தார். நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டு பக்கமும் ஒன்றாக நகரும். தேய்ந்தது என்றால் ஒரு பக்கம் நகர்ந்த பிறகே மறுபக்கம் நகரும், விரலுக்கே தெரியும். பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் போகிற தண்டின் முனை (டிராக் லிங்க் எண்டு) ஒன்று, முன்சக்கரங்களை இணைக்கிற தண்டின் முனை (டை ராடு எண்டு) இரண்டு போயிருந்தன. அதோடு முடியவில்லை. “நீ இறங்கி வா, இதப் பாரு” என்றார். ஸ்டியரிங் பாக்ஸ் சேஸியில் மாட்டுகிற இடத்தில் இருபது வருஷச் சேறும் ஆயிலும் கெட்டியாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததும், போல்ட் ஓட்டையிலிருந்து கீழே ஒரு விரல் நீளத்துக்குச் செந்துருக் கோடு. விரிசல். அவர் பையன் வீலை ஆட்டினான். பாக்ஸே சேஸியோடு மூச்சு விடுகிற மாதிரி அசைந்தது. இதை வைத்துக்கொண்டுதான் நான் உள்ளே பல்லை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாக்ஸைக் கழற்றி, விரிசல் முடிகிற இடத்தில் சின்ன ஓட்டை போட்டு, வெல்டு வைத்து, மேலே தகடும் பதித்தார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்ற மறக்கவில்லை.

அப்புறம் உதறல். முன்னாலே ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டொக்’ என்றது. இது வீல் பேரிங்கா, இல்லை முன்சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சான கிங்பின்னா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின். எனக்கு நிற்கவில்லை. கிங்பின் மூடியடியில் இருக்கிற ஷிம் என்கிற மெல்லிய தகடுகளில் ஒன்றிரண்டை எடுத்தால் பேரிங் இறுகும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு, வாழைத்தார் எடை போட நான் வண்டியில் வைத்திருந்த கொக்கித் தராசையே மாட்டி இழுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எடை காட்டும் வரை விடவில்லை.

மிச்சம் இருந்தது நான் வரவழைத்த வினை. உயரமாக இருக்கட்டும் என்று முன்பக்கம் நீள ஷாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கிற பட்டை) போட்டிருந்தேன். ஷாக்கிள் முன்னால் இருக்கிற இந்த வண்டியில் அது ஆக்சிலை முன்னால் சாய்த்து காஸ்டரை, அதாவது கிங்பின் பின்னால் சாய்ந்திருக்கிற கோணத்தை, குறைத்துவிடும். வில்லிஸ் கணக்குப்படி 3 டிகிரி வேண்டும், அது இல்லாவிட்டால் வீல் நேருக்கு வராது. பழைய ஷாக்கிளையே மாட்டினோம். கடைசியில் டயர் முன்பக்கமும் பின்பக்கமும் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு டயருக்கும் நடுவே டேப்பில் அளந்து, முன்பக்கம் 2 மில்லிமீட்டர் குறைவாக டோ இன் வைத்தார்.

இது 2018 கடைசியில். அதற்கப்புறம் ஆறு வருஷம் ஓட்டியாயிற்று. உதறல் ஒரு தடவைகூட வரவில்லை. ப்ளே ஒரு விரலுக்கும் கொஞ்சம் அதிகம், அதை நான் தொடுவதில்லை. கார் மாதிரி போகும் என்று நினைத்து யாரும் செலவு செய்ய வேண்டாம், எழுபதுக்கு மேல் இன்னும் எனக்குப் பயம்தான். விலை குறைவு என்று வாங்கிய ஒரு டை ராடு எண்டு பதினோரு மாதத்தில் லூசாகிவிட்டது. அதற்குப் பதில் போட்டது, கிரீஸ் நிப்பிள் உள்ளது, இன்னும் நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை கிரீஸ் அடிக்கிறேன்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் அந்த வெல்டு தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. போன மாதமும் பார்த்தேன், கோடு எதுவும் இல்லை.