செதுக்கு உளி: ரெண்டு செட் தண்டம், மூணாவது பேட்டை தாண்டிக் கிடைத்தது

பாளையங்கோட்டையில் நம்பர் பிளேட் எழுதும் கடை வைத்திருக்கிறேன். பிரஷ் பிடித்த காலம் போய் இப்போது ஸ்டிக்கர் வெட்டும் மிஷின்தான் எழுதுகிறது. கை சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது, அதனால் நாலு வருஷமாகப் பொழுதுபோக்காக மரம் செதுக்குகிறேன். இது உளிக்கு எழுதும் விமர்சனம். ஆனால் எதைச் செதுக்கினேன் என்று சொல்லாமல் உளியின் யோக்கியதை விளங்காது.

என் மச்சினனுக்குக் கப்பலில் வேலை. புது வீட்டு ஹாலுக்கு ஒரு பலகை செய்து தரச் சொன்னான். "பிள்ளையார், முருகர்லாம் எல்லார் வீட்லயும் இருக்காங்க அத்தான். எனக்கு இந்தப் பாம்பக் குத்துற ஆள் வேணும்" என்று வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். ஒன்று சுவீடனில் ராம்சுண்ட் என்ற இடத்துப் பாறை, ஏறக்குறைய 1030-ல் வெட்டியது. இன்னொன்று நார்வேயில் ஹைலெஸ்டாட் என்ற ஊர் மரக்கோயிலின் வாசல் பலகை. கோயில் போய்விட்டது, பலகை ஓஸ்லோ மியூசியத்தில் இருக்கிறது. இரண்டிலும் ஒரே கதை. ஃபாஃப்னிர் என்பவன் தங்கத்துக்காகப் பெற்ற தகப்பனையே கொன்று, அந்தத் தங்கத்தின் மேல் படுத்துப் படுத்துப் பெரும் பாம்பாகவே மாறிவிட்டான். அவன் தம்பி ரெகின், கொல்லன். அவன் சிகுர்ட் என்ற பையனை வளர்த்து, வாள் அடித்துக் கொடுத்து, அண்ணனைக் கொல்ல அனுப்புகிறான். பாம்பு தண்ணீர் குடிக்கப் போகும் தடத்தில் குழி வெட்டி உள்ளே உட்கார்ந்து, மேலே ஊர்ந்து போகும்போது அடிவயிற்றில் சொருகுகிறான் சிகுர்ட்.

ராம்சுண்ட் பாறையைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். காரணம் பாம்பு இல்லை, எழுத்து. பாம்பின் உடம்பே பெயர்ப்பலகை! சிக்ரிட் என்ற அம்மா ஹோல்ம்கெய்ரின் ஆன்மாவுக்காகப் பாலம் கட்டிய சேதியைப் பாம்பு உடம்பு நெடுக ரூன் என்ற அந்த நாட்டுப் பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். சிகுர்டின் வாள் கீழிருந்து அந்த எழுத்து வரியையே குத்திக்கொண்டு போகிறது. முப்பது வருஷம் போர்டு எழுதியவனுக்கு இந்த யோசனை ஒரு நாளும் வரவில்லையே என்று வயிறு எரிந்தது.

அந்தக் காலத்து ரூன் மொத்தம் 16 எழுத்துதான். 'க'வுக்கும் 'g'க்கும் ஒரே எழுத்து, 'ப'வுக்கும் 'b'க்கும் ஒரே எழுத்து. நம்ம தமிழ் மாதிரியே! மச்சினன் பெயரையும் அவன் பெண்டாட்டி பெயரையும் அதில் எழுதுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எல்லாம் நேர்கோடும் சாய்கோடும். மரத்தின் இழைக்குக் குறுக்கே வெட்டத் தோதாக அமைந்த எழுத்து என்பது உளியை வைத்ததும் தெரிந்துவிடும். நம்ம 'ழ'வை மரத்தில் வெட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் சிரமம்.

சரி, உளிக்கு வருகிறேன்.

முதல் செட் ஆன்லைனில் வாங்கியது. பன்னிரண்டு உளி, ரெக்சின் பையோடு 899 ரூபாய். 'குரோம் வெனேடியம்' என்று ஒவ்வொன்றிலும் அடித்திருந்தது. பார்க்க லட்சணம். பழைய வீடு இடித்த தேக்குப் பலகை, மூன்றடி நீளம், அதில் பாம்பின் வெளிக்கோட்டை மட்டும் வெட்டினேன். ஒரு சாண் போகவில்லை, முனை மடங்கிவிட்டது. உடைந்தால் கூடப் பரவாயில்லை, மடங்கியது! அரத்தை வைத்து இழுத்தால் பூசணிக்காய் தோல் சீவுகிற மாதிரி இரும்பு வழிந்து வருகிறது. நல்ல உளியில் அரம் வழுக்க வேண்டும். தேக்கில் மணல் சத்து உண்டு, எந்தக் கூர்முனையையும் தின்றுவிடும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் இது தேக்கின் குற்றம் இல்லை.

இரண்டாவது செட் ஜங்ஷன் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில். ஆறு உளி 1,650 ரூபாய். கூர் நன்றாக நின்றது. இரண்டு நாள் சந்தோஷமாக வெட்டினேன். பாம்பு தன் உடம்பையே சுற்றி முடிச்சுப் போடும் இடம் வந்தது. நம்ம அரசமரத்தடியில் ரெண்டு பாம்பு பின்னிக் கிடக்கும் நாகர் கல் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. ஒரு தரம் மேலே போனால் அடுத்த தரம் கீழே போக வேண்டும். ஒவ்வொரு குறுக்குச் சந்திப்பிலும் நாலு மூலையில் உளியைச் செங்குத்தாக நிறுத்தி அடிக்க வேண்டும், அதுவும் இழைக்குக் குறுக்கே. மூன்றாவது சந்திப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். முனையில் அரிசி நொய் அளவுக்கு ஒரு துண்டு பறந்துவிட்டது. மறுநாள் இன்னொரு உளியிலும் அதே. இது வேறு வியாதி: இரும்பு கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி. கடைக்காரர் "தேக்குல யாரு அண்ணாச்சி செதுக்கச் சொன்னா" என்று கேட்டார். பிறகு எதில் செதுக்குவது, வாழைத்தண்டிலா?

(அந்த முடிச்சில் நானும் ஒரு தப்பு செய்திருந்தேன். பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி, "இங்கன ரெண்டு வாட்டி மேலயே போகுதே" என்றாள். சிக்குக் கோலம் போடுகிற கை, சும்மாவா. வெட்டுவதற்கு முன்னால் சொன்னாளே, அந்தமட்டும் புண்ணியம்.)

மச்சினன் அனுப்பிய கதையில் ஒரு இடம் உண்டு. ரெகின் அடித்துக் கொடுத்த முதல் வாளைச் சிகுர்ட் பட்டறைக்கல்லில் ஓங்கி அடிக்கிறான், உடைகிறது. இரண்டாவதும் உடைகிறது. மூன்றாவதாக அப்பாவின் பழைய வாள் துண்டுகளைக் காய்ச்சி அடித்தது பட்டறைக்கல்லையே பிளந்துவிடுகிறது. ஹைலெஸ்டாட் பலகையில் துருத்தி ஊதுவதும், வாளைக் கல்லில் அடித்துப் பார்ப்பதும் தனித்தனி வட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ரெண்டு உடைந்தாயிற்று, மூணாவதுக்குக் கொல்லனிடம்தான் போக வேண்டும் என்று எனக்கும் உறைத்தது.

பேட்டை தாண்டிச் சேரன்மகாதேவி போகிற ரோட்டில் ஒரு பட்டறை. பெரியவர் அருவாளும் மண்வெட்டியும்தான் அடிக்கிறார். என் உடைந்த உளியைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "சவத்தத் தூக்கிப் போடும்" என்றார். பழைய பெரிய அரம் இரண்டும் லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றும் வாங்கிவரச் சொன்னார். கொண்டுபோனேன்.

அங்கே உட்கார்ந்து பார்த்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடித்து வடிவம் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை. செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். "இப்பக் கல்லுல போட்டா உடஞ்சு போவும், அந்த ஜங்ஷன் உளி இதோட நின்னுட்டு" என்றார். பிறகு முனையைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கத்தை மட்டும் கங்கு ஓரமாகக் காட்டினார். வெள்ளை இரும்பில் நிறம் ஊர்ந்து வர ஆரம்பித்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், அதன் பின்னால் பழுப்பு, அதன் பின்னால் கத்தரிப்பூ நிறம். மஞ்சள் முனையைத் தொட்ட நொடியில் தண்ணீரில் போட்டுவிட்டார். கொஞ்சம் அசந்தால் நீலம் வந்துவிடும், அது ஸ்பிரிங்குக்குத்தான் ஆகும், உளிக்கு மெத்து. 899 ரூபாய் செட்டில் இந்த வேலை எதுவுமே நடக்கவில்லை, 1,650 ரூபாய் செட்டில் பாதி நடந்திருக்கிறது.

"என்னத்தவே செதுக்கப் போறீரு?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். தங்கத்தைக் காத்தவன் பாம்பாகப் போனது அவருக்கு ஆச்சரியமாக இல்லை, "புதையல்னா பாம்பு இருக்கத்தானே செய்யும்" என்றார். பாம்பு நெஞ்சைச் சுடும்போது சிகுர்டுக்கு விரல் பொத்துப்போய், வாயில் வைத்ததும் குருவி பாஷை புரிந்ததைச் சொன்னேன். கொல்லன் உன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று குருவி சொல்ல, சிகுர்ட் ரெகினின் தலையை வெட்டிவிடுகிறான். ராம்சுண்ட் பாறையில் தலை ஒரு பக்கம், முண்டம் ஒரு பக்கம், சுற்றிலும் சுத்தியல், குறடு, துருத்தி எல்லாம் கிடக்கும். போனில் படத்தைக் காட்டினேன். பெரியவர் குறட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். "குறடு சரியாத்தான் போட்டிருக்கான்" என்றவர், "வாள அடிச்சுக் குடுத்தவனயே வெட்டிட்டானாவே? அப்ப காச இப்பவே வச்சிரும்" என்று கையை நீட்டினார்.

ஐந்து உளி, ஒன்று 250 ரூபாய், மொத்தம் 1,250. பிடி அவர் போட மாட்டார். கொய்யாக் கம்பில் நானே போட்டுக்கொண்டேன்.

கதையில் சிகுர்ட் ஆற்றில் ஆட்டு மயிரை விட்டு, ஓட்டத்தில் வந்து வாளில் பட்டதும் அது இரண்டாக அறுந்ததாக வரும். குறுக்குத்துறையில் குளிக்கப் போனபோது நானும் ஒரு பஞ்சை விட்டு உளியைப் பிடித்துப் பார்த்தேன். பஞ்சு உளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பரீட்சையில் பெயில். தேக்கில் பாஸ்: பதினேழு சந்திப்பும் முடித்தேன், இரண்டு முறை மட்டும் சாணைக்கல்லில் லேசாகத் தீட்டினேன், ஒரு முனையும் பறக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பத்து நாள் என்றார், ஐந்து வாரம் ஆயிற்று. நடவு சீசனில் மண்வெட்டிக்குத்தான் முதல் மரியாதை. எண்ணெய் தடவாமல் வைத்தால் இரண்டே நாளில் துரு. நகக்கண் மாதிரி வளைந்த சின்ன உளி கேட்டிருந்தேன், சிகுர்டின் குதிரை கிரானியின் பிடரிக்கு. அவர் அடித்துத் தந்தது அருவாளுக்குப் பிள்ளை மாதிரி தடியாக இருந்தது. குதிரையின் பிடரி மொழுக்கென்று இருப்பதற்கு அதுதான் காரணம், மச்சினன் படிக்கிறான் என்றால் தெரிந்துகொள்ளட்டும்.

பட்டறைக்கு நாலு நட்சத்திரம், ஒன்று தாமதத்துக்குக் கழித்தது. ஹார்டுவேர் கடை செட்டுக்கு ஒன்றரை. குமிழ் மாதிரி மெத்து மரத்தில் செதுக்குகிறவர்கள் வாங்கலாம். ஆன்லைன் செட் இப்போது கடையில் இருக்கிறது. நம்பர் பிளேட்டில் பழைய ஸ்டிக்கர் பசை சுரண்ட அதைவிடத் தோதான சாமான் கிடையாது, பெயிண்டில் ஒரு கீறல் விழாது.