பின் வீல்ல ஆயில் ஒழுகல்: கோத்தகிரி பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டு, என் அனுபவம்

கேரட்டு, பீட்ரூட்டு லோடு ஏத்திட்டு வாரத்துல நாலு நாள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குற வண்டிங்க என்னோடது, பிக்கப்பு, வாங்கி 9 வருசம் ஆச்சு. போன ஐப்பசி மழையில ஆரம்பிச்சது இந்தத் தொல்லை. காலைல வண்டி எடுக்கப் போனா இடது பின் வீலுக்கு கீழ கறுப்பா ஒரு திட்டு, டயரோட உள்பக்கம் பூரா எண்ணெய் வழிஞ்சு மண்ணு ஒட்டிக் கெடக்கு. மொதல்ல பிரேக் ஆயில்னு நெனச்சு பயந்துட்டேன், போயி டப்பாவப் பாத்தா லெவல் அப்படியே இருக்கு, கீழ கெடந்தத தொட்டுப் பாத்தா கெட்டி, மோந்து பாத்தா கந்தக நாத்தம், சரி கிரவுன் ஆயில்தான், பின் அச்சுக்குள்ள கியருக்கு ஊத்துற ஆயில்தான்னு தெரிஞ்சுபோச்சு. பிரேக் ஆயில்னா தண்ணி மாதிரி ஓடும், டப்பால லெவல் எறங்கும், அப்படி இருந்தா வண்டிய நகத்தவே கூடாது.

பக்கத்துல ஒரு இடத்துல விட்டேன், பேரு வேண்டாம். ஆயில் சீல், அதான் ஆயில் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம், போயிருக்குன்னு மாத்திக் குடுத்தாங்க. சரியா ஒரு மாசம், மறுபடியும் அதே ஒழுகல். திரும்பப் போனா சீல் தரம் சரியில்லன்னு சொல்லி வேற சீல் போட்டு, ஆயில்ல ஊறிப்போன பிரேக் லைனர (டிரம்முக்குள்ள ஒரசி வீல நிறுத்துறது) பெட்ரோல்ல கழுவி அதையே திருப்பி மாட்டிட்டாங்க. லைனர் ஒருக்கா கிரவுன் ஆயில் குடிச்சிருச்சுன்னா கழுவுறதெல்லாம் மேலாப்புலதாங்க, டிரம்மு சூடாக சூடாக உள்ள இருக்குற எண்ணெய் கசிஞ்சு வெளிய வரும். எனக்கு அது எப்ப தெரிஞ்சுதுன்னா ஒன்றரை டன் லோடோட அரவேனு தாண்டி இறங்கும்போது, பிரேக்க மிதிச்சா வண்டி வலது பக்கமா இழுக்குது, இடது பின் வீலு பிடிக்கவே இல்ல. செகண்டு கியர்லயே வந்துட்டிருந்ததால தப்பிச்சேன், எதுத்தாப்புல ஸ்கூல் வேன் ஒண்ணு ஏறி வந்துச்சு, இன்னும் அத நெனச்சா நெஞ்சு படபடங்குது. ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டா அதுவும் நிக்கல, கல்லு வெச்சுத்தான் நிறுத்துனேன்.

அதுக்கப்புறம் கட்டபெட்டுல ஒரு டீத்தூள் வண்டி டிரைவரண்ணன் சொல்லித்தான் இந்த ஷெட்டுக்குப் போனேன். கோத்தகிரிலருந்து கீழ எறங்குற பாதையில சைடுல தகரம் போட்ட ஷெட்டு, போர்டு கூட கெடையாது. மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசு இருக்கும், கூட ஒரு பையன். நான் போன உடனே சீல் மாத்தணும்ணான்னு சொன்னா, அவரு ஜாக்கிய எடுக்கல, "வீட்ல வண்டிய எப்படி நிறுத்துவ தம்பி?"ன்னுதான் கேட்டாரு. எங்க வீட்டு முன்னாடி ஏது சமதரை, இடது பக்கம் சரிஞ்சுதாங்ணா நிக்கும்னேன். தலைய ஆட்டிட்டு டார்ச் எடுத்து அடியில படுத்துட்டாரு. விடிய விடிய சரிஞ்சு நின்னா ஹவுசிங்ல, அதான் பின் அச்சோட கூட்டுக்குள்ள, இருக்குற ஆயில் பூரா தாழ்ந்த பக்கம் வந்து அந்த சீலுமேலயே நிக்குமாம், சீல் நல்லா இருந்தா தாங்கும், அதோட வாயி, அதான் உள் விளிம்பு, கொஞ்சம் தேஞ்சிருந்தாலும் அந்தப் பக்கம்தான் மொதல்ல விடும்னாரு. ரெண்டு தடவ சீல் மாத்துனவங்க யாரும் என்கிட்ட இந்தக் கேள்வியக் கேக்கலீங்க.

அப்புறம்தான் முக்கியமானது. ஹவுசிங் மேல ஒரு சின்ன மூடி மாதிரி ஒண்ணு இருக்கும், பிரீதர்னு சொல்றாங்க, உள்ள இருக்குற காத்து வெளிய போறதுக்கு. அத கழட்டி என் உள்ளங்கையில வெச்சாரு, சேறு காஞ்சு செங்கல்லு மாதிரி அடைச்சிருக்கு, கம்பிய விட்டு குத்துனா மண்ணு உருண்டையா விழுது. மேட்டுப்பாளையத்துலருந்து சிமெண்டு, உரம்னு ஏத்திட்டு மேல ஏறும்போது கிரவுன் நல்லா சூடாகும், உள்ள காத்து விரியும், போக வழியில்லன்னா சீல் வாயத் தள்ளிக்கிட்டு ஆயிலோட சேந்து வெளிய வரும். புது சீல் போட்டாலும் அதேதான நடக்கும். ஆயில் அளவு பாக்கற லெவல் பிளக்க தெறந்தா ஆயில் மளமளன்னு வெளிய ஊத்துது, ஒழுகுதேன்னு போன எடத்துல கூடுதலா ஊத்தி வெச்சிருக்காங்க. சமதரையில நிறுத்தி அந்த ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் நின்னா போதுமாம்.

வீலத் தூக்கி கடப்பாரைய அடியில குடுத்து நெம்பிப் பாத்தாரு, மேலயும் கீழயும் ஆட்டம். பேரிங்கும் போயிருக்கு. ஷாஃப்டு, அதான் வீல சுத்துற தண்டு, ஆடுனா எந்த சீலும் நிக்காதுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. டிரம்ம கழட்டி, பிளேட்டுல இருக்குற நாலு நட்டையும் எடுத்து ஷாஃப்ட உருவுனதும் சீல் உக்கார்ற எடத்தத் தொடச்சு, "நகத்த வெச்சு ஓட்டிப் பாரு"ன்னாரு. ஒரு பளபளப்பான கோடு தெரிஞ்சுது, நகம் மாட்டல. மாட்டியிருந்தா ஷாஃப்டே மாத்தணும், இல்ல மேல ஒரு ஸ்லீவு போடணும். சன்ன எமரி பேப்பர லேசா ஓட்டுனதோட விட்டாரு. (என் வண்டில பேரிங் ஷாஃப்டுலயே ஏறியிருக்கு, சில பெரிய வண்டிங்கள்ல ஹப்பு தனி, அதுக்கு வேலையே வேற.)

பேரிங்க பிரஸ் பண்ண அவருகிட்ட மிஷின் இல்ல, லேத்துக்கு அனுப்புனாரு, பேரிங்க நகராம புடிச்சிருக்குற பழைய காலர வெட்டி எடுத்துட்டு புது காலர்தான் போடணும்னு பையன்கிட்ட ரெண்டு தடவ சொல்லி அனுப்புனாரு. சீல் மாட்டுனதுதான் எனக்கு மனசுல நிக்குது. சீல் அளவுக்கே பைப்புத் துண்டு ஒண்ணு வெச்சிருக்காரு, ஸ்பிரிங் இருக்குற பக்கம் உள்ள ஆயில பாக்க வெச்சு, வாயில விரலால கிரீஸ் தடவி, பைப்ப வெச்சு சுத்தி சுத்தி சின்னச் சின்னதா தட்டி எறக்குனாரு. போன எடத்துல ஸ்க்ரூ டிரைவர வெச்சு ஓரத்துல அடிச்சத நானே பாத்தேன். ஷாஃப்ட உள்ள விடும்போது நான் டார்ச் புடிச்சேன், ரெண்டு கையாலயும் கொழந்தையத் தூக்குற மாதிரி தாங்கிப் புடிச்சு, நுனியில இருக்குற பல்லு சீல் வாயில ஒரசாம நேரா கொண்டுபோனாரு, அந்த ஒரு நிமிசம் ஷெட்டுல யாரும் பேசல. பல்லு பட்டு வாயி கிழிஞ்சா புது சீலும் அன்னிக்கே ஒழுகும்னாரு.

லைனர் ரெண்டு பக்கமும் புதுசு, ஒரு பக்கம் மட்டும் மாத்துனா பிரேக் சமமா பிடிக்காது. வலது பக்க சீலையும் மாத்தச் சொல்லிட்டேன். சீல் ரெண்டும் 480, பேரிங் காலரோட 1350, லைனர் செட்டு 1150, ஆயில் 760, லேத்துக்கு 300, கூலி 1700, ஆக மொத்தம் 5740 ரூபா. பழைய சாமான் எல்லாத்தையும் பையில போட்டு என்கிட்டயே குடுத்துட்டாரு. வண்டிய ஓட்டிட்டு வரச் சொல்லி, வந்ததும் ரெண்டு டிரம்மையும் தொட்டுப் பாத்து, சூடு ஒரே மாதிரி இருக்கான்னு பாத்துட்டுத்தான் சாவிய என் கையில குடுத்தாரு.

குறைன்னா, ரெண்டு நாள் முழுசா ஆயிடுச்சு, பேரிங் மேட்டுப்பாளையத்துலருந்து பஸ்ல வரணும், எனக்கு ஒரு லோடு போச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டாரு, பில்லும் கெடையாது, கணக்க துண்டுச் சீட்டுல எழுதித்தான் குடுத்தாரு. அவசரம்னு நிக்கறவங்களுக்கு இந்த எடம் ஒத்து வராது.

இப்ப நாலு மாசமாச்சு, வாரம் ஒருக்கா வீலுக்குப் பின்னாடி கைய விட்டுப் பாக்கறேன், தூசிதான் வருது, ஈரம் இல்ல. பிரீதர மாசம் ஒருக்கா நானே தொடைக்கறேன். வாசல்ல வண்டி நிக்கற எடத்துல இடது சக்கரத்துக்கு கல்லடுக்கி மட்டம் பண்ணிட்டேன். போறவங்க ஞாயித்துக்கெழம போகாதீங்க, லீவு. மழை நாள்ல ஷெட்டு முன்னாடி ஒரே சேறா இருக்கும், வண்டிய மேல ரோட்டுலயே விட்டுட்டு நடந்து போயி கேட்டுட்டு அப்புறமா எறக்குங்க.