செகாம்புட் பட்டறையில் எங்கள் பழைய இராணுவ லோரியின் கியர் எண்ணெய் ஆறிய விதம்

கோலாலம்பூர், செகாம்புட் தொழிற்பேட்டையின் உட்சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. லோரிக்காரர்கள் அதை ‘ரேடியேட்டர் அண்ணன் கடை’ என்பார்கள். அங்கே எங்கள் வண்டிக்குச் செய்துகொண்ட வேலையைப் பற்றி எழுதுகிறேன். பழைய இராணுவ லோரி வைத்திருப்பவர்கள் இங்கே குறைவுதான் என்றாலும், தானியங்கி கியர் பெட்டி உள்ள எந்தக் கனரக வண்டிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்களுடையது அமெரிக்க இராணுவம் கழித்துவிட்ட எம்923, ஐந்து டன் வகை. கம்மின்ஸ் என்எச்சி250 எஞ்சினும், அலிசன் எம்டி654சிஆர் என்னும் ஐந்து வேகத் தானியங்கி கியர் பெட்டியும் கொண்டது. உலு லங்காட்டில் மாமாவின் டுரியான் தோட்டத்து மண் பாதையில் உரமும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிச் செல்வதே அதன் வேலை; பொதுச் சாலைக்கு வருவதில்லை என்பதால் பட்டறைக்குக்கூட லோ-லோடரில் (வண்டிகளை ஏற்றிச் செல்லும் தாழ்தள டிரெய்லரில்) ஏற்றித்தான் கொண்டுபோனோம். மேட்டின் பாதியில் கியர் மாறும்போது வழுக்கத் தொடங்கியிருந்தது. அளவுகோலை உருவினால் எண்ணெயில் தீய்ந்த வாடை அடித்தது. முதலில் காட்டிய வேறொரு பட்டறையில், எதையும் அளந்து பார்க்காமலே கியர் பெட்டி முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் அப்படிச் செய்யவில்லை. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து, எண்ணெயை ஆற்றும் கூலருக்குப் போகும் குழாயில் ஒரு வெப்பமானியையும், கியர் பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியில் இன்னொன்றையும் பொருத்தி, “தம்பி, ஒரு வாரம் வேலை செய்துவிட்டு எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார். லோ-லோடர் கூலி இரண்டு மடங்காயிற்றே என்று அன்று மனம் வலித்தது. ஆனால் அந்த ஒரு வாரத்து எண்கள்தான் கியர் பெட்டியைக் காப்பாற்றின. மேடேறும்போது கூலருக்குப் போகும் எண்ணெய் 156 டிகிரி செல்சியஸையும், அடித்தொட்டி 124 டிகிரியையும் தொட்டன. அலிசன் வகுத்திருக்கும் உச்ச வரம்பு முதலாவதற்கு 149, இரண்டாவதற்கு 121. சிறிய மீறல்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்தச் சூட்டில் பத்துப் பத்து டிகிரியாக ஏறும்போது எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிக்கொண்டே போகும்.

சூடு பிறக்கும் இடம் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் எண்ணெயை வீசி, எதிரே உள்ள டர்பைனைத் திருப்புகிறது. இரண்டின் வேகமும் ஒத்துப்போகாத வரையில், வீணாகும் சக்தி எண்ணெயில் சூடாக இறங்குகிறது. 150 கிலோவாட் உள்ளே போய் அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானால், 30 கிலோவாட் சூடு எண்ணெயில் சேரும். வீட்டில் தேநீருக்கு வைக்கும் மூன்று கிலோவாட் மின்கெண்டிகள் பத்தை ஒன்றாகப் போட்டதற்குச் சமம் அது. வேகம் பிடித்து, இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் லாக்அப் கிளட்ச் பற்றிக்கொண்டால் இந்தச் சூடு ஏறக்குறைய நின்றுவிடும். எங்கள் பாதையிலோ வண்டி நடை வேகத்தில் ஏறுகிறது. லாக்அப் பிடிக்க வாய்ப்பே இல்லை.

கன்வெர்ட்டரை விட்டு வெளியேறும் எண்ணெய் நேராகக் கூலருக்குப் போய், எஞ்சின் தண்ணீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் கியர்களையும் பேரிங்குகளையும் நனைத்து, அடித்தொட்டியில் விழுகிறது. ஆகவே கூலர் அடைபட்டால் சூடு ஏறுவதோடு மசகும் குறைகிறது. அண்ணன் கூலரின் இரு முனைகளிலும் அளந்தார். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் எட்டு டிகிரிதான் வித்தியாசம். கழற்றிய கூலரை என் கண்முன்னே குறுக்காக அறுத்தார். தண்ணீர் ஓடும் பக்கத்தில், பழைய கெண்டியின் அடியில் படியும் சுண்ணாம்பைப் போலப் பழுப்பு நிறப் படிவம் ஏறி, பாதிக் குழாய்களில் கம்பியே நுழையவில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்று ஏலத்துக்கு வரும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். நல்ல வேளையாகக் குழாய் பொத்துக்கொள்ளவில்லை. பொத்திருந்தால் தண்ணீர் கலந்து எண்ணெய் சிராப் பண்டோங் (ரோஸ் பால்) நிறத்துக்கு வந்திருக்கும். கூலண்டில் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில்) கலந்திருக்கும் கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் படலத்தைப் பெயர்த்திருக்கும்.

புதிய தண்ணீர்க் கூலர் ஒன்றைப் போட்டு, அதற்கு அடுத்தபடியாக, திரும்பும் குழாயில், விசிறி வைத்த காற்றுக் கூலர் ஒன்றையும் சேர்த்தார். தண்ணீரே 85 டிகிரியில் ஓடும்போது தண்ணீர்க் கூலரால் எண்ணெயை அதற்குக் கீழே இறக்க முடியாது. மிச்சச் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளட்டும் என்பது கணக்கு. நடை வேகத்தில் எதிர்க்காற்று கிடைக்காது என்பதால் 24 வோல்ட் விசிறி. குழாயின் உள்விட்டம் பழையதைவிட ஒரு நூலும் குறையக் கூடாது என்று, கையிருப்பில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு வேறு தருவித்தார். பழைய எண்ணெய்க் குழாய்களையும் கழுவாமல் விடவில்லை.

இப்போது அதே மேட்டில், அதே சுமையோடு, கூலருக்குப் போகும் எண்ணெய் 131 டிகிரி, அடித்தொட்டி 102. கியர் வழுக்கல் நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 5,400 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. எனக்கு அது நியாயமான விலை. இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: சூடு மீறினால் எஞ்சினை அணைக்காமல், வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 1,200 முதல் 1,500 சுற்று வரை ஓட விட வேண்டும், இரண்டு மூன்று நிமிடங்களில் இறங்காவிட்டால் வேறு கோளாறு இருக்கிறது என்று பொருள்.

குறை இல்லாமலில்லை. வேலை முடிய மூன்று வாரம் பிடித்தது, அதற்குள் டுரியான் பருவம் தொடங்கிவிட்டது. காற்றுக் கூலரைச் சக்கரத்துக்கு மிக அருகில் வைத்துவிட்டதால் மழை நாளில் தகடுகளுக்குள் சேறு அப்பிக்கொள்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டியிருக்கிறது. சொன்னபோது மறுக்காமல், கூலி வாங்காமல் ஒரு தகட்டு மறைப்பை வளைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். போகிறவர்கள் தங்கள் பழைய கூலரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கேட்டால் அறுத்துக் காட்டுவார்.