ஜோசப் ஸ்மித்: ஏமாத்துனாரா, இல்ல தானே நம்புனாரா?

வெள்ளச் சட்டை, கறுப்பு நேம் பேட்ஜோட மதப் பிரச்சாரத்துக்கு ரெண்டு மார்மன் பசங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுல ஆரம்பிச்சது, ஆறு மாசமா, 1830ல அமெரிக்காவுல மார்மன்ங்கிற கிறிஸ்தவப் பிரிவ ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்த பத்தி கைல கெடச்சதெல்லாம் படிச்சுட்டேன். அவர விமர்சிக்கிறவங்கள்ல முக்கியமா ரெண்டு கட்சி. தெரிஞ்சேதான் ஊர ஏமாத்துனாருங்குது ஒண்ணு. சொன்னத அவரே நம்புனாரு, ஆனா ஆளு நேர்மையில்லங்குது இன்னொண்ணு. நான் இப்ப ரெண்டாவது கட்சி.

மோசடி கட்சிகிட்ட சரக்கு நெறைய இருக்கு. தொப்பிக்குள்ள ஒரு கல்லப் போட்டு, முகத்த உள்ள பொதச்சுப் பாத்து புதையல் எங்க இருக்குனு சொல்ற வேலைக்குப் போனது 1826ல நியூயார்க் பெயின்பிரிட்ஜ்ல கேஸ் ஆகியிருக்கு. தங்கத் தகட்டுல இருந்ததுன்னு சொல்லி, அவங்க வேதமான மார்மன் புத்தகத்த ‘மொழிபெயர்த்ததும்’ அதே கல்லு தொப்பி டெக்னிக்லதான். 1837ல ஓஹயோ மாநிலம் கர்ட்லாண்ட்ல தொறந்த பேங்க் அந்த வருஷமே படுத்துருச்சு. 1835ல 2400 டாலருக்கு மம்மிகளோட வாங்குன எகிப்து சுருள பைபிள்ல வர்ற ஆபிரகாம் எழுதுனதுன்னாரு, மிஞ்சுன துண்டுங்க 1967ல மார்மன் சர்ச் கைக்கு வந்தப்ப படிச்சவங்க இது செத்தவங்களுக்கு எழுதி வைக்கிற ஏடுன்னுட்டாங்க.

இவ்வளவு இருந்தும் நான் கட்சி மாறுனது ஒரு லெட்டரால. 1832 ஜூன்ல இண்டியானா கிரீன்வில்ல கால் ஒடஞ்ச கூட்டாளிக்குத் துணையா மாட்டிக்கிட்டு இருந்தப்ப பொண்டாட்டி எம்மாவுக்கு தன் கைப்பட, எழுத்துப்பிழையோட எழுதுனது. ஊருக்குப் பின்னாடி தோப்பு ஒண்ணு இருக்கு, அனேகமா தினமும் யார் கண்ணுலயும் படாம அங்க போய் ஜெபம் பண்றேன், செஞ்ச பாவத்த நெனச்சு அழறேன்னு எழுதுறாரு. ஊர ஏமாத்துறவனுக்கு பாக்க ஆளே இல்லாத எடத்துல என்ன வேல? லெட்டரும் நடிப்புதான்னு வாதாடலாம், ஆனா எனக்கு அப்படித் தோணல.

அதுக்காக நல்லவருன்னு சொல்லல. அவர் வீட்லயே தங்கியிருந்த பார்ட்ரிட்ஜ் அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் 1843 மார்ச்ல எம்மாவுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. மே மாசம் எம்மாவே ஒருவழியா மனசொடிஞ்சு சம்மதிச்சு, சரி இவங்க ரெண்டு பேரையும் கட்டிக்கோன்னு கை காட்டுனா, ஏற்கனவே ஆச்சுன்னு சொல்லாம எம்மா முன்னாடியே மறுபடி ஒரு சடங்கு நடத்துனாங்க! பொம்பள ஆசை மட்டும்னா ஒரு தடவ கூட சடங்கு தேவையில்லயே, இவருக்கு ரெண்டு தடவ தேவப்பட்டிருக்கு. நம்பிக்கையும் பொய்யும் ஒரே ஆளுக்குள்ள இருந்துருக்கு, அந்தப் பொய் மோசடிய விட மோசமா எனக்குப் படுது.

மனைவிங்க 30ல இருந்து 40 வரைங்கிற கணக்க 2014ல சர்ச்சே போட்டுருச்சு. ஆனா 1844 மே மாசம், கொல்லப்படறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, மேடை ஏறி எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான்னு பேசியிருக்காரு. எம்மாவும் 1879ல சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மகன் உக்காந்து கேட்டப்ப, அவருக்கு என்னத் தவிர வேற பொண்டாட்டி கெடையாதுன்னுதான் சொன்னாங்க.