கொடைக்கானல்ல ஓனர்கிட்டயே நேரா பேசி வீடு எடுக்குறது: பல வருஷ அனுபவம்

கொடைக்கானல் போனா ஹோட்டல்ல தங்குறத நாங்க விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. மாமியார், பசங்க, சில சமயம் நாத்தனார் குடும்பம்னு கும்பலா போறதால ரெண்டு பெட்ரூம், கிச்சனோட தனி வீடு தான் சரிப்படும், அதையும் ஆப்ல போடாம ஓனருக்கு போன் அடிச்சு பேசி எடுக்குறது தான் வழக்கம். இது யாருக்கு ஒத்து வரும், எதெத கேட்டுக்கணும்னு நிறைய பேர் கேக்குறாங்க, அதான் விவரமாவே எழுதிடுறேன்.

முதல்ல காசு கணக்கு. ஆப்ல புக் பண்ணா ஓனர்கிட்டயோ நம்மகிட்டயோ இல்ல ரெண்டு பேர்கிட்டயுமோ கமிஷன் பிடிப்பாங்க, எல்லாம் சேத்தா பொதுவா பதினஞ்சு சதவீதம் பக்கம் வந்துரும். நாயுடுபுரம் பக்கம் நாங்க வழக்கமா எடுக்குற வீடு சாதாரண நாள்ல நேரா பேசினா நாலாயிரம், அதே வீடு அதே தேதிக்கு ஆப்ல அஞ்சாயிரத்துக்கு கிட்ட காட்டும். மூணு ராத்திரி தங்கினா போக வர டீசல் காசு அதுலயே வந்துரும். ஆனா ஏப்ரல் மே சீசன்ல, அதுவும் மலர்க் கண்காட்சி நேரத்துல இந்தக் கணக்கு எடுபடாது, ஓனரே ரேட்ட ரெட்டிப்பாக்கிடுவாரு, அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த ரெண்டு மாச வருமானத்துல தான் வருஷம் பூரா வீட்டப் பராமரிக்கணும்.

காச விட முக்கியம், நாம பேசுற ஆளு நெஜமாவே ஓனரா இல்லையாங்கறது. கொடைக்கானல்ல நிறைய காட்டேஜ வருஷக் குத்தகைக்கு எடுத்து நடத்துறவங்க தான் வச்சிருக்காங்க, போன்ல எல்லாரும் 'நம்ம வீடு தான்'னு தான் சொல்லுவாங்க. குத்தகைக்காரர்னா கெட்டவர்னு அர்த்தம் கிடையாது, ஆனா கீசர் போச்சுன்னா ஓனர் மாத்தி வைப்பாரு, குத்தகைக்காரர் 'சொல்லியிருக்கேன் மேடம்'னு சொல்லிட்டே இருப்பாரு. இதக் கண்டுபிடிக்க நான் கேக்குறது ரெண்டே விஷயம். வீட்டு வரி ரசீது யார் பேர்ல இருக்கு, ஜிபேல காசு போட்டா எந்தப் பேர் வரும். ரெண்டும் ஒத்துப்போனா நிம்மதி. நாங்க போற வீட்டு ஓனர் மதுரையில இருக்குற ரிட்டயர்டு ஆளு, முதல் தடவ இதக் கேட்டப்ப கோவிச்சுக்காம "கேட்டது நல்லதும்மா, இந்தா அனுப்புறேன்"னு வாட்சப்ல ரசீத போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. கட்டட அனுமதியும் கேக்கலாம், தப்பில்ல. 2019-ல ஐகோர்ட் உத்தரவுல அனுமதி இல்லாத கட்டடம் ஏகப்பட்டதுக்கு சீல் வச்சாங்க.

அடுத்தது தண்ணி. இதப் பத்தி யாருமே எழுத மாட்டேங்குறாங்க, ஆனா கோடைல கொடைக்கானல் வீட்டுல முதல் பிரச்சினையே இது தான். மார்ச் தாண்டிட்டா நகராட்சித் தண்ணி சில நாளைக்கு ஒருக்கா தான் வரும், கிணறோ போரோ இல்லாத வீட்டுக்கு டேங்கர் லாரி தான் கதி, அந்த லாரி ஏற முடியாத சந்துல வீடு இருந்தா குட்டி வண்டியில கொஞ்சம் கொஞ்சமா கொண்டாந்து ஊத்துவாங்க. ஒரு மே மாசம் வில்பட்டி ரோட்டுல வேற ஒரு வீட்டுல தங்கினோம், காலைல ஆறு மணிக்கு கேர்டேக்கர் சிண்டெக்ஸ் மூடிய தொறந்து ஒரு மூங்கில் குச்சிய உள்ள விட்டு எடுத்து, நனைஞ்ச அளவ விரலால பிடிச்சுக் காட்டுறாரு, ஒரு சாண் கூட இல்ல, வீட்டுல ஒன்பது பேர். அந்த ஓனர் போனே எடுக்கல. கேர்டேக்கர் பாவம், பக்கத்து வீட்டு டேங்க்ல இருந்து ஓஸ் போட்டு எப்படியோ சமாளிச்சாரு, எங்க மாமியார் அவருக்கு வயிறாற இட்லி வச்சுக் குடுத்தாங்க. அதனால கோடைல போறவங்க 'தண்ணி வருமா'னு கேக்காதீங்க, வரும்னு தான் சொல்லுவாங்க. டேங்க் எத்தன லிட்டர், கிணறு இருக்கா, லாரி வாசல் வரைக்கும் வருமானு கேளுங்க.

ரோடும் அதே மாதிரி தான். போட்டோல பள்ளத்தாக்கு வியூ சூப்பரா இருக்குன்னா வீடு சரிவுல இருக்குன்னு அர்த்தம், கடைசி முன்னூறு நானூறு மீட்டர் மண்ரோடா இருக்கும், மழைல சின்ன கார் ஏறாது. வட்டக்கானல்ல பல வீட்டுக்கு வண்டியே போகாது, எங்கயாவது நிறுத்திட்டு பைய தூக்கிட்டு இறங்கணும். மாமியாருக்கு முட்டி வலிங்கறதால நான் எப்பவும் அந்த ரோட்ட ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுவேன், வண்டில இருந்து இறங்குற இடத்துல ஆரம்பிச்சு வீட்டு வாசப்படி வரைக்கும். நல்ல ஓனர் அனுப்பிடுவாரு. அனுப்ப இழுத்தடிச்சா அந்த வீடு வேணாம்.

இதெல்லாம் கேட்டு முடிச்சாலும் கடைசில தங்குற சுகம் ஓனர் கையில இல்லங்க, கேர்டேக்கர் கையில தான் இருக்கு. அவர் அதே காம்பவுண்டுல குடும்பத்தோட இருக்காரா, இல்ல சாவிய குடுத்துட்டு பைக்ல போயிடுவாராங்கறது தான் வித்தியாசம். நாங்க எடுக்குற நாயுடுபுரம் வீட்டு கேர்டேக்கர் அக்கா, நாங்க மூஞ்சிக்கல்ல கோழி வாங்கிட்டு வந்தா குழம்பு வச்சு தந்துடுவாங்க, சமையலுக்கு தனியா காசு பேசிக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல பசங்க வாசல்ல நின்னா "உள்ள வாங்க கண்ணு, காட்டுமாடு வரும்"னு கூப்பிட்டுடுவாங்க, சும்மா பயமுறுத்தல, ஊருக்குள்ளயே காட்டுமாடு நடமாடுற இடம் அது. ஹோட்டல்ல எவ்ளோ காசு குடுத்தாலும் இந்த கவனிப்பு கிடைக்காது.

ஏமாத்து வேலையும் நிறைய நடக்குது. நல்ல காட்டேஜோட போட்டோவ எடுத்து வேற நம்பர் போட்டு வைக்குறது, மேப்ல இருக்குற நம்பரையே மாத்தி விடுறதுனு. பாதி ரேட்டுக்கு வீடு, அதுவும் 'இப்பவே முழுப் பணமும் போடுங்க, ரெண்டு பேர் வெயிட்டிங்'னா கண்டிப்பா போடாதீங்க. போட்டோவ கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாத்தா எங்கெங்க ஓடிட்டிருக்குன்னு தெரிஞ்சுடும். வீடியோ கால்ல கேர்டேக்கர கேட் வரைக்கும் நடக்கச் சொல்லலாம். அட்வான்ஸ் ஒரு ராத்திரி வாடகைக்கு மேல வேணாம், தேதி, ஆள் கணக்கு, கேன்சல் ஆனா எவ்ளோ திரும்ப வரும், ஹீட்டர், கேம்ப் ஃபயர், எக்ஸ்ட்ரா பெட் எல்லாத்துக்கும் தனிக் காசா இல்ல வாடகைல சேர்த்தியானு வாட்சப்லயே எழுதி ஓகே வாங்கிடணும். பணம் போயிடுச்சுன்னா தாமதிக்காம சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு அடிச்சு சொல்லிடுங்க, சீக்கிரம் சொன்னா தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

யாருக்கு இது சரிப்படாதுன்னா, முதல் தடவ போறவங்க, சனிக்கிழமை ஒரு ராத்திரி மட்டும் தங்குறவங்க. சீசன் வார இறுதிக்கு ஒரு ராத்திரின்னா ஓனர்களே ஒத்துக்க மாட்டாங்க, ஆப்லயோ அரசு நடத்துற தமிழ்நாடு ஓட்டல்லயோ போட்டுக்கங்க, ஏதாவது ஆச்சுன்னா புகார் சொல்ல ஒரு இடம் இருக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட கார நிறுத்தினா ரூம் வேணுமா சார்னு வர்றவங்ககிட்ட புக் பண்றத நேரடி புக்கிங்னு நெனச்சுடாதீங்க, அது புரோக்கர், அவர் கமிஷன் ஆப்ப விட ஜாஸ்தி.

இன்னொன்னு, 2024 மே 7-லேர்ந்து சொந்த வண்டில போறவங்களுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்குற அனுமதிச் சீட்டு, கட்டாயம். 2025 கோடைல வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வச்சாங்க, கொடைக்கானலுக்கு வார நாள்ல நாலாயிரம், சனி ஞாயிறு ஆறாயிரம். அதனால சீசன்ல இ-பாஸ் எடுத்துட்டு அப்புறம் அட்வான்ஸ் போடுங்க, பாஸ் கிடைக்கலன்னா எந்த ஓனரும் முழுசா திருப்பித் தர மாட்டாரு.

என்னக் கேட்டா காலாண்டு லீவ் தான் சரியான நேரம். மழை பெஞ்சு அருவில தண்ணி இருக்கும், டேங்க்லயும் இருக்கும், ரேட்டும் பேசிக் குறைக்கலாம். எங்களுக்கு இந்த வருஷத்துக்கு அதே நாயுடுபுரம் வீட்ட பேசி வச்சாச்சு, அக்காவுக்கு மட்டும் தனியா போன் பண்ணி எத்தன பேர் வர்றோம்னு சொல்லணும்.