மந்தமான சந்தையில் ஒப்பந்த வேலை: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

கையில் இருந்த ஒப்பந்தம் முடிந்து, அடுத்தது எது என்று தெரியாமல் நிற்கும் நாளில் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம், ஏதாவது ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில் கணக்குத் திறப்பதுதான். வேலை மலிந்து கிடக்கும் காலத்தில் அதில் பெரிய தவறில்லை. நிறுவனங்கள் ஆள் எடுப்பதையே நிறுத்திவைத்திருக்கும் காலத்தில் அங்கிருந்து தொடங்குவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். தொழில்நுட்பக் கையேடுகள் எழுதுவது என் தொழில். இரண்டு மந்த காலங்களை ஒப்பந்த வேலையிலேயே கடந்திருக்கிறேன்.

மந்தம் என்றால் வேலையே இல்லை என்று பொருளில்லை. நிரந்தரப் பணியிடங்களை நிர்வாகம் முடக்கும்போதும், முடிக்க வேண்டிய வேலைகள் அப்படியே காத்துக் கிடக்கின்றன. ஒரு குழுத் தலைவருக்குப் புதிய ஆளைச் சேர்க்க அனுமதி இருக்காது. ஆனால் மூன்று மாத வேலை ஒன்றை வெளியே கொடுக்க, அவருடைய திட்டத்துக்கான பட்ஜெட்டில் இடம் இருக்கலாம். இப்படிப்பட்ட வேலை விளம்பரமாக வெளியே வருவது அபூர்வம். அது உங்கள் காதுக்கு எப்படி வந்து சேரும் என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

தளங்களின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரிய பலம்: முன்பின் தெரியாதவரிடம் வேலை செய்தாலும் பணத்துக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. எலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்ட தளத்தில், மணிக்கணக்கில் இல்லாமல் முழு வேலைக்கும் ஒரே தொகை பேசிய வேலை என்றால் வாடிக்கையாளர் முதலிலேயே பணத்தைத் தளத்திடம் கட்டிவைக்கிறார். வேலையை ஒப்படைத்த பிறகு அவர் 14 நாள் வாய் திறக்காமல் இருந்தால், பணம் தானாகவே விடுவிக்கப்படும். ஆள் காணாமல் போய்விடுவாரோ என்ற பயம் புதியவருக்குப் பாதி குறைந்துவிடுகிறது.

இதற்கான விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2010இல் தொடங்கிய ஃபைவர் என்னும் இன்னொரு தளம், வேலை செய்துகொடுப்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்வொர்க்கில் விண்ணப்பம் போடுவதற்கே ‘கனெக்ட்ஸ்’ என்னும் டோக்கன்களைச் செலவழிக்க வேண்டும். ஆனால் கமிஷனைவிடக் கனமான செலவு நேரம். வாடிக்கையாளரின் இணையதளத்தைப் படித்து, அவருடைய தேவைக்கு ஏற்ப எழுதப்படும் ஒரு நல்ல விண்ணப்பத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். இருபது விண்ணப்பம் என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். மந்தமான காலத்தில் வேலையிழந்தவர்கள் எல்லோரும் அதே வாசலுக்கு வருகிறார்கள், வேலை கொடுப்பவர்களோ குறைகிறார்கள். நீங்கள் பொறுமையாக எழுதியது பிரிக்கப்படாமலேயே போகும் வாய்ப்பு அதிகம். அப்போது கட்டணத்தைக் குறைத்துப் போடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். குறைந்த கட்டணத்தில் முடித்த வேலை உங்கள் வரலாற்றில் நிற்கும், அடுத்தவரும் அதைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார். கட்டணத்தைத் தொடாமல் வேலையின் அளவைக் குறைத்துக்கொடுங்கள்: முழுக் கையேட்டுக்குப் பதிலாக முதல் இரண்டு அத்தியாயம் மட்டும் என்பது போல.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது தெரிந்தவர்கள் வழி. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் இதற்குப் பொருந்துகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, பெரும்பாலோருக்குத் தகவல் தந்தவர் நெருங்கிய நண்பரல்ல. எப்போதாவது சந்திக்கிற ஒருவர். காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர் வேறொரு வட்டத்தில் இருக்கிறார், அங்கே நடப்பது அவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும். பழைய வாடிக்கையாளர், முன்பு பக்கத்து இருக்கையில் இருந்து வேறு நிறுவனத்துக்குப் போனவர், ஒரே ஒரு திட்டத்தில் கூட வேலை செய்தவர் என்று பட்டியல் போட்டால், நாம் நினைப்பதைவிட நீளமாக வரும்.

எழுதத் தயங்குவது இயல்பு. கையேந்துவதுபோல் தோன்றும். “ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று எழுதினால் அப்படித்தான் ஆகிவிடும், ஏனென்றால் வேலையைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். கடந்த முறை நான் முன்பு எழுதிக்கொடுத்த ஒரு நிறுவல் கையேட்டைத் திறந்து, அந்த மென்பொருளின் புதிய பதிப்போடு வைத்துப் பார்த்தேன். நான்காம் அத்தியாயத்தில் இருந்த படங்கள் பழைய திரையைக் காட்டின; இரண்டு பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. இப்படி எழுதினேன்: “வணக்கம். உங்கள் நிறுவல் கையேட்டின் நான்காம் அத்தியாயப் படங்கள் புதிய பதிப்புக்குப் பொருந்தவில்லை. எட்டுப் படங்களை மாற்றி, மூன்று பத்திகளைத் திருத்தினால் போதும். அடுத்த மாதம் எனக்கு நேரம் இருக்கிறது. செய்து தரட்டுமா?” இரண்டு நாளில் பதில் வந்தது. அந்தச் சிறு திருத்தம், முழுக் கையேட்டையும் புதுப்பிக்கும் ஆறு வார வேலையாக வளர்ந்தது. இந்த வேலைக்குப் போட்டியாளர் ஒருவரும் இல்லை, கமிஷனும் இல்லை.

குறையும் உண்டு. பணத்தைக் கட்டிவைக்க நடுவில் ஆள் இல்லை. பில் கொடுத்து 30 நாள், 60 நாள் என்று காத்திருக்க நேரும். பழக்கத்தின் பேரில் வாய்ப்பேச்சோடு வேலையைத் தொடங்கிவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. எவ்வளவு வேலை, எத்தனை முறை திருத்தம், எப்போது பணம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும், கொஞ்சம் அட்வான்ஸும் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல வாடிக்கையாளர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒப்பந்த ஆட்களை அனுப்பும் ஏஜென்சிகள் மூன்றாவது வழி. பெரிய நிறுவனங்கள் பல, தனி மனிதரோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதில்லை. அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான் வர வேண்டும் என்பார்கள். அங்கே நுழைய வேறு வழி கிடையாது. வாரமோ மாதமோ தவறாமல் பணம் வரும் என்பது, வீட்டுச் செலவுக்குத் திண்டாடும் ஒருவருக்கு எந்தக் கமிஷனையும்விடப் பெரிய விஷயம். ஆனால் நிறுவனம் உங்களுக்காகத் தருவது எவ்வளவு, உங்கள் கைக்கு வருவது எவ்வளவு என்ற வித்தியாசத்தைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கேளுங்கள். “வாடிக்கையாளர் எங்களுக்குக் கொடுத்த பிறகே உங்களுக்குக் கொடுப்போம்” என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஏஜென்சிகள் உங்கள் விவரக்குறிப்பை அனுப்பிவிட்டால், யாருக்குக் கமிஷன் என்ற சச்சரவில் சிக்காமல் இருக்க, நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடக்கூடும். எந்த நிறுவனத்துக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரியாமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

வேலை நிரம்பி வழியும் இன்னொரு ஃப்ரீலான்ஸரிடமிருந்து ஒரு பகுதியை வாங்கிச் செய்வதும் உண்டு. சீக்கிரம் கிடைக்கும், பெயர் கிடைக்காது. அறிமுகமில்லாத நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதும் ஒரு வழிதான், அதில் பலன் வர மாதங்கள் ஆகும். எந்த வழியானாலும், வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம் கேட்பவரையும், தளத்தை விட்டு வேறு செயலியில் பேச அவசரப்படுத்துபவரையும் அங்கேயே விட்டுவிடுங்கள். மந்தமான காலத்தில் இவர்களுக்குத்தான் அறுவடை.

இரண்டு மூன்று வருடம் வேலை செய்தவர் என்றால், முதல் வாரம் முழுவதையும் தெரிந்தவர்களுக்கு எழுதுவதில் செலவிடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு கடிதம் போதும், ஒவ்வொன்றும் அந்த ஆளுக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். கையிருப்பு ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும் என்றால் அதே வாரத்தில் ஏஜென்சிகளிடமும் பேசிவிடுங்கள். காட்ட வேலை எதுவுமே இல்லாத புதியவர்களுக்கு மட்டும் தளத்தை முதலில் வைப்பேன். அங்கே அளவு தெளிவாக உள்ள சிறு வேலைகள் மூன்றை முடித்துவிட்டு, அந்த மூவரின் பெயரையும் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். பதில் வராத கடிதத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் எழுதிய ஒருவர் நான்காவது வாரத்தில், இரண்டாம் முறை நினைவூட்டிய பிறகு பதில் போட்டார். முதல் கடிதம் வந்த நாளில் அவருடைய அந்தக் காலாண்டுக்கான பட்ஜெட் தீர்ந்திருந்தது.